தேனீ, அம்பு, பாம்பு, மான்: கலைக்கப்பட்ட ஒரு நகராட்சியின் மரபுச் சின்னத்தைப் படிப்பது எப்படி?

சிவப்புக் கேடயம். அதன் குறுக்கே ஒரு தங்கப் பட்டை சரிந்து இறங்குகிறது. பட்டையின் மேல் ஓர் அம்பு, அதன் முனைக்கு நேரே பறந்துகொண்டிருக்கும் ஒரு தேனீ. பட்டைக்கு மேலே, தன் உடலையே முடிச்சுப் போட்டுக்கொண்ட பாம்பு. கீழே, முன்னங்காலைத் தூக்கி நடக்கும் கலைமான். இவை எல்லாவற்றுக்கும் தலைமேல் வெள்ளி நிறத்தில் ஒரு பட்டை. அதில் அலை, அலைமேல் ஒரு கப்பல். கப்பலுக்குப் பாயும் இருக்கிறது, புகைபோக்கியும் இருக்கிறது. கேடயத்துக்கு வெளியே, உச்சியில், ஒரு செம்மறிக் கடாவின் தலை.

இங்கிலாந்தின் வடமேற்கில், ஐரிஷ் கடலை ஒட்டி இருக்கும் பாரோ-இன்-ஃபர்னஸ் என்ற ஊரின் சின்னம் இது. ஊர் இன்றும் இருக்கிறது. இந்தச் சின்னத்தை வைத்திருந்த நகராட்சிதான் இல்லை. 2023 ஏப்ரல் 1 அன்று அது கலைக்கப்பட்டு, வெஸ்ட்மோர்லாந்து அண்டு ஃபர்னஸ் என்ற பெரிய நிர்வாகத்துக்குள் போய்விட்டது.

பாம்புக்கும் தேனீக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்? முதல் பார்வையில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒருவர் மனம்போன போக்கில் வரைந்தது போலத்தான் தோன்றும். ஆனால் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டால், ஒவ்வொரு உருவமும் வாயைத் திறந்து பேசும். அந்தக் கேள்விகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறேன். பாரோவை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இந்த ஊருக்குச் சின்னம் கிடைத்தபோது, ஊர் என்று சொல்லும்படி அது வளர்ந்தே இருபது ஆண்டுதான் ஆகியிருந்தது. பழம்பெருமை எதுவும் கையில் இல்லாத ஊர் தன் கேடயத்தில் என்ன வரைந்துகொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சின்னத்தை நான் பார்த்ததில்லை.

முதல் படி: சின்னத்துக்கு முன்னால் ஊரின் வயதைப் பாருங்கள்

எந்த நகராட்சியின் சின்னமாக இருந்தாலும் முதலில் மூன்று ஆண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஊர் வளரத் தொடங்கிய ஆண்டு, நகராட்சி ஆன ஆண்டு, சின்னம் வழங்கப்பட்ட ஆண்டு. இந்த மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் பாதி விடை.

1840களின் தொடக்கத்தில் பாரோ ஒரு சிற்றூர். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் மீன்பிடிப்பு, சுற்றுவட்டார மலைகளில் தோண்டிய இரும்புத் தாதுவைப் படகில் ஏற்றும் துறை, அவ்வளவுதான். 1846இல் ஃபர்னஸ் ரயில்வே வந்தது. தாதுவையும் கற்பலகையையும் கடற்கரைக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை. 1850இல் ஹென்றி ஷ்னைடர் என்பவர் பக்கத்தில் இருக்கும் பார்க் என்ற இடத்தில் மிகப் பெரிய இரும்புத் தாதுப் படுகையைக் கண்டுபிடித்தார். ஹெமடைட் என்னும் செந்நிறத் தாது அது. 1859இல் ஊரிலேயே ஊது உலைகள் எரியத் தொடங்கின. அடுத்து எஃகு ஆலை வந்தது. 1870களில் பெஸ்ஸெமர் முறையில் எஃகு செய்யும் ஆலைகளில் உலகிலேயே பெரியது இதுதான் என்ற பெயர் அதற்கு உண்டு. சில நூறு பேர் வாழ்ந்த இடத்தில் 1881இல் 47,000 பேருக்கு மேல் இருந்தார்கள்.

நடுவில் ஒரு ஆண்டு வருகிறது: 1867. அந்த ஆண்டில்தான் பாரோ நகராட்சி ஆனது. அதே ஆண்டில் முதல் பெரிய கப்பல்துறையான டெவன்ஷயர் டாக் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் இந்தச் சின்னமும் வழங்கப்பட்டது. மூன்றும் ஒன்றாக வந்தவை. அதனால் சின்னத்தில் இருப்பதெல்லாம் 1867ஆம் ஆண்டின் மனநிலை. அதற்குப் பின்னால் நடந்த எதையும் அதற்குள் தேடக் கூடாது. இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பலிடம் வரும்போது தேவைப்படும்.

இரண்டாம் படி: படத்தை விட்டுவிட்டு வாசகத்தைத் தேடுங்கள்

இங்கிலாந்தில் ஒரு மரபுச் சின்னத்தை முறைப்படி வழங்கும் உரிமை லண்டனில் உள்ள காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற அமைப்பிடம் இருக்கிறது. கல்லூரி என்று பெயர் இருந்தாலும் பாடம் நடத்தும் இடம் அல்ல அது. அரசரின் கட்டியக்காரர்கள் கூடிய குழு என்று வைத்துக்கொள்ளலாம். 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் அதற்குப் பட்டயம் கொடுத்தார். ஸ்காட்லாந்துக்கு இது பொருந்தாது. அங்கே லார்ட் லயன் என்ற தனி அதிகாரி இருக்கிறார்.

இந்த அமைப்பு கொடுக்கும் ஆவணத்தில் படமும் வரைந்திருக்கும். ஆனால் அதிகாரபூர்வமான சின்னம் படம் அல்ல, அதோடு எழுதியிருக்கும் வர்ணனை வாசகம்தான். அந்த வாசகத்தை மீறாத வரை எந்த ஓவியரும் தன் கைப்போக்கில் வரைந்துகொள்ளலாம். ஒருவர் பாம்பை ஒல்லியாக வரைவார், இன்னொருவர் பருமனாக வரைவார். இரண்டும் சரி. ஆகவே ஒரு கட்டடத்தின் முகப்பில் இருக்கும் சிற்பத்தை வைத்து, "மானின் கொம்பில் ஏழு கிளை இருக்கிறதே, ஏன்?" என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாசகத்தில் இல்லாததற்குப் பொருள் தேடினால் வீண் அலைச்சல்தான் மிஞ்சும்.

வாசகத்தின் மொழி கொஞ்சம் மிரட்டும். ஆங்கிலமும் பழைய நார்மன் பிரெஞ்சும் கலந்தது. பயப்பட வேண்டாம், ஏழெட்டுச் சொல் தெரிந்தால் போதும். கியூல்ஸ் என்றால் சிவப்பு. ஓர் என்றால் தங்கம். ஆர்ஜென்ட் வெள்ளி, அஷர் நீலம், சேபிள் கருப்பு, வெர்ட் பச்சை. ப்ராப்பர் என்று வந்தால் அந்தப் பொருளுக்கு இயற்கையில் உள்ள நிறம்.

பாரோவின் கேடயத்துக்கான வாசகத்தைத் தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: சிவப்புத் தளம், அதன்மேல் ஒரு சாய்பட்டை, மேலே முடிச்சிட்ட பாம்பு, கீழே நடக்கும் கலைமான், மூன்றும் தங்க நிறம், பட்டையின்மேல் இயற்கை நிறத்தில் பறக்கும் தேனீயை நோக்கி மேல்முகமாக ஓர் அம்பு, வெள்ளித் தலைப்பட்டையில் கடலலைமேல் நீராவியும் பாயும் கொண்டு செல்லும் துடுப்புச் சக்கரக் கப்பல்.

இந்த வரிசை தற்செயலானது இல்லை. முதலில் தளத்தின் நிறம், அப்புறம் நடுவே உள்ள பெரிய வடிவம், அதன் இருபுறமும் உள்ளவை, அதன் மேலே உள்ளவை, கடைசியில் தலைப்பட்டை. எல்லா ஊர்ச் சின்னங்களுக்கும் கிட்டத்தட்ட இதே ஒழுங்குதான். ஒன்றைப் படிக்கப் பழகிவிட்டால் மற்றவை எளிது.

மூன்றாம் படி: வலம், இடம், நிறம்

இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாசகத்தில் வலம் என்று வந்தால் கேடயத்தைப் பிடித்திருப்பவரின் வலது கை. பார்க்கும் நமக்கு அது இடப்பக்கம். பாரோவின் சாய்பட்டை நம் பார்வையில் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கு இறங்குகிறது. ஆகவே மேல்முகமாக இருக்கும் அம்பு நம் இடது மேல் மூலையை நோக்கிப் பாய்கிறது. படத்தில் இது மாறியிருந்தால், ஓவியர் தவறியிருக்கிறார் அல்லது படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சாகியிருக்கிறது.

நிறத்துக்கு ஒரு பழைய விதி உண்டு. தங்கமும் வெள்ளியும் உலோகங்கள், மற்றவை வண்ணங்கள். உலோகத்தின்மேல் உலோகமோ வண்ணத்தின்மேல் வண்ணமோ வரக் கூடாது. போர்க்களத்தில் தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்த வழக்கம் என்று இதை விளக்குவார்கள். பாரோவில் சிவப்பின்மேல் தங்கம், விதி காப்பாற்றப்பட்டிருக்கிறது. இயற்கை நிறத்தில் வரும் தேனீக்கும் கப்பலுக்கும் விதிவிலக்கு.

கல்லில் செதுக்கிய சின்னத்துக்கும் கருப்புவெள்ளையில் அச்சிட்ட சின்னத்துக்கும் நிறம் எப்படித் தெரியும்? 17ஆம் நூற்றாண்டிலிருந்து புழங்கும் ஒரு கோட்டு முறை இருக்கிறது. புள்ளி வைத்திருந்தால் தங்கம். வெறுமையாக விட்டிருந்தால் வெள்ளி. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக இருந்தால் கருப்பு. பழைய தபால் அட்டைகளிலும் நகராட்சிக் கடிதத்தாள்களிலும் இதைப் பார்க்கலாம். தெரிந்துகொண்டு பார்க்கும்போது, அழகுக்குப் போட்டது என்று நினைத்த கோடுகளெல்லாம் நிறமாக மாறும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த நுட்பம் இது.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பு என்றால் வீரம், தங்கம் என்றால் தாராளம் என்று பட்டியல் போடும் கையேடுகள் நிறைய உண்டு. நகராட்சிச் சின்னங்களைப் படிக்க அவை உதவாது. பாரோவின் சிவப்பைப் பார்த்ததும் ஹெமடைட் தாதுவின் சிவப்புதான் இது என்று சொல்லிவிட ஆசை வரும். அழகான விளக்கம்தான். ஆனால் வாசகத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. ஆவணம் சொல்லாத பொருளை நிறத்தின் தலையில் ஏற்றாமல் இருப்பதே நேர்மை.

நான்காம் படி: ஊர்ப் பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள்

இந்தப் படியைச் சத்தம் போட்டுத்தான் செய்ய வேண்டும். மரபுச் சின்னங்களில் பேசும் சின்னம் என்று ஒரு வகை உண்டு. பெயரைப் படமாக உடைத்துக் காட்டுவது. நம் இலக்கணத்தில் சிலேடை, இரட்டுற மொழிதல் என்று சொல்வோமே, அதைச் சொல்லில் செய்யாமல் உருவத்தில் செய்கிறார்கள்.

அம்புக்கு ஆங்கிலத்தில் ஆரோ. தேனீயின் ஆங்கிலப் பெயரோ ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தான பி போலவே ஒலிக்கும். இரண்டையும் சேர்த்து வேகமாகச் சொல்லுங்கள்: பி-ஆரோ, பாரோ. அவ்வளவுதான் ரகசியம். கேடயத்தின் நட்டநடுவில், தங்கப் பட்டையின்மேல், ஊர்ப் பெயர் எழுத்தே இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது.

இது பாரோவுக்கு மட்டும் உள்ள வழக்கம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டின் சின்னத்தில் ஓர் எருது நீரைக் கடந்து போகும். எருதுக்கு ஆக்ஸ், ஆற்றில் இறங்கிக் கடக்கும் துறைக்கு ஃபோர்டு. ஆனால் எல்லாத் தேனீயும் பெயருக்காக வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1842இல் மான்செஸ்டர் பெற்ற சின்னத்தின் உச்சியில் ஓர் உலக உருண்டை, அதைச் சுற்றித் தேனீக்கள். அங்கே பெயரோடு எந்த ஒலித் தொடர்பும் இல்லை. உழைப்பும், உலகெங்கும் போகும் சரக்கும்தான் பொருள். ஒரே தேனீ ஓர் ஊரில் சொல், இன்னோர் ஊரில் குணம். பாரோவின் தேனீ சொல்லாக வந்து அமர்ந்திருந்தாலும், தொழில் நகரத்துக்குச் சுறுசுறுப்பான தேனீ பொருந்துகிறது என்பதையும் அன்றைக்குப் பார்த்தவர்கள் உணராமல் இருந்திருக்க மாட்டார்கள்.

ஐந்தாம் படி: நிலம் யாருடையது?

பாம்புக்கும் மானுக்கும் வருவோம். ஊர்ப் பெயரில் அவை இல்லை. அந்த வட்டாரத்துக் காட்டு விலங்குகளைக் காட்டுகின்றனவா? இல்லை. ஒரு நகராட்சிச் சின்னத்தில் காரணம் புரியாத விலங்கு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் யார்?

பாரோவில் அதற்கு இரண்டு விடை. ஒருவர் ஏழாவது டெவன்ஷயர் பிரபு வில்லியம் கேவண்டிஷ். சுற்றுவட்டாரத்தில் நிலம் அவருடையது, ரயில்வேயிலும் எஃகு ஆலையிலும் முதல் போட்டவர், தலைமைப் பொறுப்பில் இருந்தவர். இன்னொருவர் ஐந்தாவது பக்ளூ பிரபு வால்டர் மாண்டேகு டக்ளஸ் ஸ்காட். ஃபர்னஸ் வட்டாரத்தின் மேலுரிமை அவர் குடும்பத்திடம் இருந்தது. மண்ணுக்கடியில் தோண்டும் தாதுவுக்கு அவர் பங்கு வாங்கினார். அந்த உரிமை வந்த வழி நீளமானது. 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னரை மறுபடி அரியணையில் ஏற்ற உதவிய தளபதி ஜார்ஜ் மங்க்குக்கு மன்னர் கொடுத்த பரிசு அது. பிறகு மாண்டேகு குடும்பத்தின் வழியாக பக்ளூ குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. இருநூறு ஆண்டுக்கு முன் ஒரு தளபதிக்குக் கிடைத்த பரிசு, பாரோ மண்ணில் தோண்டிய ஒவ்வொரு வண்டித் தாதுவிலும் பங்காகத் திரும்பி வந்தது.

சரி, எந்த விலங்கு யாருடையது? இங்கே வழுக்கி விழுவது மிக எளிது. டெவன்ஷயர் குடும்பத்தின் சொந்தக் கேடயத்தை எடுத்துப் பார்த்தால், கருப்புத் தளத்தில் மூன்று மான் தலைகள் இருக்கும். கேடயத்தைத் தாங்கி நிற்பவையும் மான்கள்தாம். ஆகவே பாரோவின் மான் டெவன்ஷயருடையது என்று முடிவு கட்டத் தோன்றும். தவறு.

ஒரு குடும்பத்தின் சின்னம் என்பது கேடயம் மட்டும் இல்லை. தலைக்கவசத்தின்மேல் நிற்கும் முடிச்சின்னம் என்று ஒன்றும் உண்டு. கேவண்டிஷ் குடும்பத்தின் முடிச்சின்னம் முடிச்சிட்ட பாம்பு. நம் கோயில் சிற்பங்களில் நாகங்கள் பின்னிக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும். இங்கே ஒரே பாம்பு, தன் உடலாலேயே முடிச்சு. பக்ளூ குடும்பத்தின் முடிச்சின்னம் முன்னங்காலைத் தூக்கி நடக்கும் கலைமான். தலை மட்டும் இருக்கும் டெவன்ஷயர் மானும் முழு உடலோடு நடக்கும் பக்ளூ மானும் வேறு வேறு. பாரோவின் மான் முழு உடலோடு நடக்கிறது. வாசகத்தில் வரும் ட்ரிப்பன்ட் என்ற ஒரே ஒரு சொல்தான் இந்த வழக்கைத் தீர்க்கிறது. அது முன்கால் தூக்கி நடப்பதைக் குறிக்கும் சொல். இரண்டாம் படியில் வாசகத்தைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

பாம்பை ஏன் ஒரு பிரபு குடும்பம் விரும்பி வைத்துக்கொண்டது? அவர்களுடைய குறிக்கோள் வாசகத்தைப் பாருங்கள்: கவெண்டோ டூட்டுஸ். லத்தீனில், எச்சரிக்கையால் காப்பு என்று பொருள். கவெண்டோ, கேவண்டிஷ்: அதுவும் பெயர்ச் சிலேடைதான். எச்சரிக்கையான பிராணி என்று பாம்பைச் சொல்வது பழைய வழக்கம். பக்ளூ குடும்பத்தின் வாசகம் ஒரே சொல்: ஆமோ, அதாவது நேசிக்கிறேன்.

இரண்டு பிரபுக்களும் கேடயத்தில் எங்கே இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். ஊர்ப் பெயர் நடுவில். நிலத்தின் சொந்தக்காரர் மேலே, தாதுவின் சொந்தக்காரர் கீழே. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாராவது திட்டமிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அன்றைய பாரோ எந்த இரண்டு கைகளுக்கு நடுவே இருந்ததோ, அதே இரண்டு கைகளுக்கு நடுவேதான் கேடயத்திலும் இருக்கிறது.

ஆறாம் படி: கப்பலை அதன் ஆண்டோடு படியுங்கள்

பாரோ என்றதும் இன்று நினைவுக்கு வருவது கப்பல் கட்டும் தொழில். 1905 சுஷிமா போரில் ஜப்பானிய அட்மிரல் டோகோவின் தலைமைக் கப்பலாக இருந்த மிகாசா இங்கே கட்டி 1900இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி ஹாலண்ட் 1 இங்கே 1901இல் நீரில் இறங்கியது. நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு கப்பலும் இந்த ஊரில் பிறந்ததுதான். 1944இல் அடிக்கட்டை போட்டு, 1953இல் நீரில் இறக்கிய எச்எம்எஸ் ஹெர்மிஸ். 1987இல் அது இந்தியக் கடற்படைக்கு வந்து ஐஎன்எஸ் விராட் ஆனது; 2017 வரை பணியில் இருந்தது.

அப்படியானால் கேடயத்தின் தலைப்பட்டையில் உள்ள கப்பல் இந்தக் கட்டும் தொழிலைக் குறிக்கிறது என்று சொல்லலாமா? முதல் படியில் பிடித்துக்கொள்ளச் சொன்ன ஆண்டைக் கொண்டுவாருங்கள். சின்னம் 1867. பாரோ ஷிப்பில்டிங் கம்பெனி தொடங்கியது 1871. விக்கர்ஸ் நிறுவனம் அந்தத் தளத்தை வாங்கியது 1897. சின்னம் வரைந்தபோது அந்தப் பெரிய கட்டுமானத் தளம் இல்லவே இல்லை. இருந்தது புத்தம் புதிய துறைமுகம். கப்பல் இங்கே வந்து போகும் கப்பல்; தாதுவையும் இரும்பையும் ஏற்றிக்கொண்டு வெளியே போகும் கப்பல்.

அந்தக் கப்பலின் உருவமே தன் ஆண்டைச் சொல்கிறது. நீராவி எந்திரமும் இருக்கிறது, பாயும் இருக்கிறது. எந்திரத்தை முழுசாக நம்பாமல் காற்றையும் துணைக்கு வைத்திருந்த காலம் அது. திருகு விசிறிகள் ஏற்கெனவே வந்திருந்தும், கரையோரத்திலும் குறுங்கடல்களிலும் ஓடும் கப்பல்களுக்குத் துடுப்புச் சக்கரம்தான் அப்போதும் பழக்கம். பழைய ஊர்களின் சின்னத்தில் வரும் கப்பல் பெரும்பாலும் ஒற்றைப் பாய்மரம் கொண்ட இடைக்காலக் கப்பலாக இருக்கும். பாரோ தன் தெருமுனையில் நின்று பார்த்தால் தெரியும் கப்பலையே வரைந்துகொண்டது.

பிறகு வந்த தலைமுறைகள் அந்தக் கப்பலைப் பார்த்துக் கட்டுமானத் தளத்தை நினைத்துக்கொண்டால் அதிலும் குற்றமில்லை. ஒரு சின்னத்துக்குப் பிறந்தபோது ஒரு பொருள், வளர்ந்தபோது இன்னொரு பொருள். வழிகாட்டி என்ற முறையில் நான் கேட்பது, இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியே குறித்து வையுங்கள் என்பதுதான்.

ஏழாம் படி: உச்சியில் யாருடைய தலை?

செம்மறிக் கடாவுக்கு ஆங்கிலத்தில் ராம். பாரோவின் முதல் நகரத் தலைவர் பெயர் ஜேம்ஸ் ராம்ஸ்டென். மறுபடியும் பெயர்ச் சிலேடை.

1822இல் பிறந்த இவர், 1846இல் ஃபர்னஸ் ரயில்வேயின் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராக வந்தார். அப்போது வயது இருபத்துநான்கு. ரயில்வேயில் படிப்படியாக உயர்ந்து நிர்வாக இயக்குநர் ஆனார். ஊரின் தெருக்களைத் திட்டமிட்டதிலும், எஃகு ஆலையிலும், துறைமுகத்திலும் அவர் கை இருந்தது. 1867 முதல் 1872 வரை ஐந்து முறை தொடர்ந்து நகரத் தலைவர். 1872இல் அவருக்கு அரசுப் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில், அவர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்குச் சிலையும் வைத்தார்கள்.

தன் முதல் தலைவரின் பெயரையே ஒரு நகராட்சி தலையில் சூடிக்கொள்வது துணிச்சலான செயல். பழைய ஊர் என்றால் ஒரு துறவியின் உருவமோ அரசரின் சிங்கமோ உச்சியில் நிற்கும். இங்கே நிற்பது தினமும் ரயில்வே அலுவலகத்துக்குப் போய்வந்த ஒரு மனிதரின் பெயர். எஞ்சின் பட்டறையிலிருந்து வந்தவருக்கு இரண்டு பிரபுக்களுக்கும் மேலே இடம் கிடைத்திருக்கிறது. இந்தச் சின்னத்தில் என்னை மிகவும் தொட்டது இந்த இடம்தான்.

குறிக்கோள் வாசகம் செம்பர் சூர்சும். எப்போதும் மேல்நோக்கி என்று பொருள். அம்பை மறுபடி பாருங்கள்: மேல்முகமாக என்று வர்ணனை வாசகம் வலியுறுத்திச் சொல்கிறது. படமும் சொல்லும் ஒன்றையே சொல்கின்றன.

எட்டாம் படி: எது இல்லை?

பலரும் தாண்டிப் போய்விடும் படி இது. சின்னத்தில் இருப்பதைப் படித்து முடித்ததும், இருந்திருக்க வேண்டியதை நினைத்துப் பாருங்கள்.

பாரோ நகரின் எல்லையிலேயே ஃபர்னஸ் மடம் இருக்கிறது. 1127இல் அந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து குடியேறிய துறவிகளின் மடம். சிஸ்டெர்சியன் என்ற கிறிஸ்தவத் துறவிப் பிரிவின் மடங்களில், ஃபவுண்டன்ஸ் மடத்துக்கு அடுத்தபடியாக இங்கிலாந்திலேயே செல்வத்தில் இரண்டாவதாக விளங்கியது. 1537இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மூடப்பட்டது. செந்நிற மணற்கல்லில் அதன் உயர்ந்த சுவர்கள் இன்றும் நிற்கின்றன. பழமை வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தால் பாரோ வெளியே எங்கும் போயிருக்க வேண்டாம்; ஒரு துறவியின் செங்கோலைக் கேடயத்தில் வைத்திருந்தால் எழுநூறு ஆண்டுப் பெருமை ஒரே நாளில் வந்து சேர்ந்திருக்கும். இங்கிலாந்தின் எத்தனையோ நகராட்சிகள் அதைத்தான் செய்தன. பாரோவின் கேடயத்தில் மடம் இல்லை.

இரும்பும் இல்லை. ஊரையே உருவாக்கிய தாதுவுக்கோ, உலைக்கோ, சுரங்கத்தில் இறங்கிய மனிதருக்கோ ஓர் உருவம்கூட இல்லை. இருப்பது உரிமையாளர்கள், நிர்வாகி, துறைமுகம், ஊர்ப் பெயர். இதை வருத்தமாகத்தான் எழுதுகிறேன். அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் கார்ன்வாலிலிருந்தும் வேலை தேடி வந்தவர்களின் ஊர் இது. அவர்களுக்கு இந்தக் கேடயத்தில் கிடைத்த இடம், அந்தத் தேனீயைக் கொஞ்சம் தாராளமாகப் படித்தால் மட்டும்தான்.

ஒன்பதாம் படி: நகராட்சி போன பிறகு சின்னம் யாருடையது?

நகராட்சியின் சின்னம் ஊருக்குச் சொந்தமில்லை. நகராட்சி என்ற சட்ட அமைப்புக்குச் சொந்தம். அமைப்பு கலைந்தால் அதைப் பயன்படுத்தும் உரிமையும் நின்றுவிடும். புதிய அமைப்பு தானாக எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. 1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தில் 247ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது: பழைய அமைப்பின் சின்னத்தைப் புதிய அமைப்புக்கு அரச ஆணை வழியாக மாற்றித் தரலாம்.

பாரோவின் அமைப்பு பலமுறை உருமாறியது. 1867இல் நகராட்சி. 1889இல் மாவட்டத்துக்கு நிகரான அதிகாரம் பெற்ற நகராட்சி. அப்போது அது லங்காஷயரில் இருந்தது. 1974இல் அந்த நிலை போய், பக்கத்து டால்டனையும் சேர்த்துக்கொண்டு கம்ப்ரியா மாவட்டத்தில் ஒரு புதிய நகராட்சி. 2023இல் அதுவும் முடிந்தது. ஒரு பழைய கட்டடத்தில் சின்னத்தைப் பார்த்தால், இவற்றில் எந்த அமைப்பு அதைப் பதித்தது என்று கேளுங்கள். கட்டடத்தின் ஆண்டு அதைச் சொல்லிவிடும்.

எங்கே தேடுவது? நகர மன்றக் கட்டடம் முதல் இடம். பாரோவில் அது டபிள்யூ. எச். லின் வடிவமைத்து 1887இல் திறக்கப்பட்ட செந்நிற மணற்கல் கட்டடம். அப்புறம் பூங்கா வாயில், பாலத்தின் கைப்பிடிச் சுவர், பள்ளிக்கூட முகப்பு, நூலகத்தின் வண்ணக் கண்ணாடி. நேரில் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. 1880களிலிருந்து கோஸ் என்ற பீங்கான் நிறுவனம் ஊர்ச் சின்னங்கள் பதித்த சிறு கிண்ணங்களையும் ஜாடிகளையும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்து குவித்தது. வில்ஸ் நிறுவனம் 1900களின் தொடக்கத்தில் சிகரெட் பெட்டியோடு நகராட்சிச் சின்ன அட்டைகளை வைத்துக் கொடுத்தது. பழம்பொருள் விற்கும் தளங்களில் இவை இன்றும் கிடைக்கின்றன. ஆனால் அவற்றின் நிறத்தையும் வரைதலையும் வாசகத்தோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். சில ஊர்கள் முறையான அனுமதி வாங்காமலேயே சொந்தமாக ஒன்றை வரைந்து பயன்படுத்தின. அவையும் அதே கிண்ணங்களில் அதே மிடுக்கோடு நிற்கும்.

நீங்கள் படித்தது சரியா என்று சோதிக்க ஒரு நல்ல வழி ஊரின் வரைபடம். பாரோவின் கப்பல்துறைகளின் பெயர்களைப் பாருங்கள்: டெவன்ஷயர் டாக், பக்ளூ டாக், ராம்ஸ்டென் டாக், கேவண்டிஷ் டாக். தெருக்களில் ட்யூக் ஸ்ட்ரீட், கேவண்டிஷ் ஸ்ட்ரீட், பக்ளூ ஸ்ட்ரீட், ராம்ஸ்டென் சதுக்கம். கேடயத்தில் பாம்பாகவும் மானாகவும் கடாவாகவும் நிற்பவர்கள் வரைபடத்தில் எழுத்தாக நிற்கிறார்கள்.

அடுத்து ஒன்றை நீங்களே படிக்க விரும்பினால், மிடில்ஸ்பரோவை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் இரும்பால் எழுந்த ஊர், 1853இல் நகராட்சி ஆனது. ஆனால் அது போன வழி வேறு. இடைக்காலத்தில் அந்த வட்டாரத்தை ஆண்ட புரூஸ் குடும்பத்தின் சிங்கத்தை அது கேடயத்தில் ஏற்றிக்கொண்டது. புரூஸ் குடும்பத்தின் வாசகம் ஃபூயிமுஸ், நாங்கள் இருந்தோம். மிடில்ஸ்பரோ அதற்குப் பதில்போல எரிமுஸ் என்று வைத்துக்கொண்டது: நாங்கள் இருப்போம். 1968இல் அந்த நகராட்சியைக் கலைத்து டீஸ்சைடு என்ற பெரிய அமைப்பில் சேர்த்தார்கள். ஆறே ஆண்டில், 1974இல், டீஸ்சைடு கலைந்தது. மிடில்ஸ்பரோ தன் பெயரிலேயே மறுபடி நகராட்சி ஆனது.